பின் ஸீட் மாமனார்

பிரேக் போட்டால் பின் சக்கரங்களுக்கு எவ்வளவு பிடி போக வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்க, தன் பழைய குட்டிக் காரில் ஒரு குமிழ் பொருத்தியிருந்தான் மாப்பிள்ளை. ஒரு வாரமாகக் காலையில் அதைத் திருகுவதும் ஓட்டிப் பார்ப்பதும்தான் வேலை. ஒரு நாள் விடாமல் மாமனாரும் பின் ஸீட்டில் தொற்றிக்கொண்டார்.

“இன்னும் கூட்டுங்க மாப்பிள்ளை. பின்னாடி நான் இருக்கேன்ல?”

‘இருந்து என்னத்தைக் கிழிச்சீங்க?’ என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே திருகினான்.

ஏழாம் நாள் பிரேக் போட்டதும் கார் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது.

“பாத்தீங்களா மாமா, என் கைராசியை!”

“நான் இல்லாம நடந்திருக்குமா?”

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டு வாசலில் நிறுத்தினான். “இறங்குங்க மாமா. இந்தக் காருக்கு உங்களால நயா பைசா பிரயோஜனம் இல்ல. இனிமே ஏறாதீங்க.”

மாமனார் இறங்கி வாசலில் நின்றுகொண்டார்.

தனியாக ஓட்டிப் போய்த் தெருமுனையில் பிரேக்கை மிதித்தான். பின் சக்கரங்கள் இறுகி வழுக்க, கார் பம்பரமாய்ச் சுழன்று வீட்டைப் பார்த்து நின்றது. மெக்கானிக்கைப் போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னான்.

“பின்னாடி எவ்வளவு வெயிட் வச்சு செட் பண்ணீங்க சார்?”

எதிரே, வாசலை அடைத்து நின்றவரைப் பார்த்தான்.

“நூத்திப்பத்து கிலோ.”

“அதை இறக்கிட்டா வழுக்காம என்ன செய்யும்?”

அதற்குள் மாமனார் ஆடி அசைந்து வந்து ஜன்னலில் குனிந்தார்.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, பின்னாடி நான் இருக்கேன்னு! ஏறட்டுமா, இல்ல மண் மூட்டை வாங்கிப் போட்டுக்கறீங்களா?”