இலை கொடுத்த வள்ளல்

மகளின் பிரசவத்துக்காகப் போய், மூன்று மாதம் கழித்து வீடு திரும்பியவள் படியேறும்போதே திகைத்து நின்றாள். முதல் மாடித் தையல்காரம்மாவின் ஜன்னலில் ஒரு குட்டிச் சக்குலென்ட் செடி. ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காகத் தடித்த இலைகள், ஓரமெல்லாம் சிவப்பு. அவளுடைய செடியின் குட்டியேதான்! இரண்டாம் மாடி வாத்தியார் வீட்டு ஜன்னலிலும் அதே மாதிரி ஒன்று.

கூடப்பிறந்த தங்கை கேட்டபோதுகூட ஓர் இலையைக் கிள்ளித் தராதவள் அவள். வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர்மேல் பாய்ந்தாள்.

“என்னங்க, நான் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் பெரிய வள்ளலாயிட்டீங்களா?”

“முதல்ல உட்காரு. பேரன் எப்படி இருக்கான்?”

“பேரன் இருக்கட்டும். என் செடி எங்கே?”

ஜன்னலை மறைத்து நின்ற கணவர் மெல்ல விலகினார். தொட்டியில் வெறும் மண்தான் இருந்தது.

“நீ இல்லாம வாடிடப் போகுதேன்னு காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்தினேன். வேர் அழுகிப்போச்சு. பதறிப்போய் நல்லா இருந்த இலைகளை மட்டும் கிள்ளி எடுத்தேன். மண்ணுல வெச்சா துளிர்க்கும்னு நீதானே சொல்வே? ஆனா என்கிட்ட இருந்தா அதையும் கொன்னுடுவேன். அதான் அவங்ககிட்ட வளர்க்கக் குடுத்தேன். எல்லாம் உனக்குத்தான்.”

அவளுடைய கோபம் போன இடம் தெரியவில்லை.

“அங்கே போயும் தண்ணி ஊத்தலையே?”

“எங்கே விட்டாங்க? தினமும் பார்க்கப் போவேன். கையில தண்ணி இருக்கான்னு பார்த்துட்டுத்தான் தையல்காரம்மா கதவையே திறப்பாங்க!”