உப்பில்லாக் கஞ்சி

கோவிந்தனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. யுத்தம் தொடங்கின வருஷம் அது.

வலிப்பு சின்ன வயசிலிருந்தே உண்டு. தருமபுரி டவுன் டாக்டர் கொடுத்த மிக்சர் மருந்தைக் குடித்தும் நிற்கவில்லை. அதியமான்கோட்டையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். புதுசு இதுதான்: செத்துப்போன அப்பன் கிணற்றடியில் நிற்கிறார் என்றான். அண்ணன் மாயவனைக் கண்டால் அலறினான்.

"கிட்ட வராத! நீ எனக்கு விசம் வெக்கிற!"

ஊர் மாயவனுக்காக உச்சுக் கொட்டியது.

"கூடப் பொறந்தவனுக்காக இந்தப் பாடு படறான். அவன் வாயில வர்ற பேச்சைப் பாரு!"

"வுடுங்க. அவனா பேசறான்? சீக்கு பேசுது," என்பான் மாயவன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

தீர்த்தமலைச் சாமிக்கு வேண்டிக்கொண்டான். தம்பிக்கு நாற்பத்தெட்டு நாள் உப்பில்லாக் கஞ்சி. தானும் உப்பைத் தொடவில்லை. மருந்தையும் விடவில்லை, வேறு யாரையும் நம்பாமல், மூக்கைப் பிடித்துத் தன் கையாலேயே ஊற்றினான்.

பதினைந்து நாளுக்கு மேல் கோவிந்தனின் அலறல் குறைந்தது. ஒருநாள் காலையில் மாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

"பாத்தீங்களா? விரதம் வேலை செய்யுது," என்றான் மாயவன்.

இருபதாம் நாள் அடுப்படியில் பார்க்கக்கூடாததைப் பார்த்தான். தம்பி பெண்சாதி குள்ளம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கல் உப்பைக் கஞ்சியில் போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா அது?"

அவள் மறைக்கவில்லை. "உப்புங்க மாமா."

"எத்தனை நாளா?"

"பத்து நாளா. உப்பு உப்புன்னு அழுவறாருங்க."

"பைத்தியம் கேட்டா குடுத்துருவியா?"

"புருசன் கேட்டாருங்க. குடுத்தேன்."

மாயவன் சட்டியை எட்டி உதைத்தான். கஞ்சி அடுப்பில் கொட்டிப் புகைந்தது.

"சாமி காரியத்துல மண்ணைப் போட்டுட்டா! புருசன் பொழைக்கக் கூடாதுன்னே பண்றா!" தெருவுக்கே கேட்டது.

அன்றைக்கே அவளைத் தாய்வீட்டுக்குத் துரத்தினான். யாரும் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னக்கா, அவள் போன வழியைப் பார்த்துக் காறித் துப்பினாள்.

விரதம் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கியது. பத்தே நாளில் கோவிந்தன் படுத்துவிட்டான். நாக்குக் குழறியது. நிற்கவைத்தால் சரிந்தான். சுவரெல்லாம் பாம்பு ஊர்கிறது என்றான்.

"உப்புத் தின்ன தோசம்," என்றது ஊர்.

மாயவன் வண்டி கட்டினான்.

டாக்டர் கோவிந்தனின் கண்ணை விரித்துப் பார்த்தார். முகத்தில் கிளம்பியிருந்த கொப்புளங்களைப் பார்த்தார். பிறகு மருந்துச் சீசாவைத் தூக்கிப் பிடித்தார். சீசாவின் பக்கவாட்டில் வெட்டு வெட்டாகக் காகிதம் ஒட்டியிருந்தது. ஒரு வேளைக்கு ஒரு வெட்டு.

"இது ஒரு மாசத்து மருந்து. பாதி மாசத்துல காலி. போன மாசமும் இப்படித்தான். சீசா உடைஞ்சிடுச்சுன்னு கம்பவுண்டர்கிட்ட சொன்னியாமே. எத்தனை சீசாய்யா உடையும்?"

மாயவன் குனிந்து தம்பியின் வேட்டியைச் சரிசெய்தான்.

"வேளைக்கு எவ்வளவு ஊத்தின?"

"ரெண்டு வெட்டுங்க... வலிப்பு நிக்கவேயில்லைங்க. ரெட்டிப்பாக் குடுத்தா நிக்கும்னு..."

"நின்னுச்சா?"

"இல்லைங்க."

"சாப்பாடு?"

விரதத்தைச் சொன்னான். சொல்லும்போதே டாக்டர் முகம் மாறியது.

"யோவ், இந்த மருந்து உடம்புலயே தங்கற மருந்து. அளவு மீறித் தங்கினா புத்தியைக் கெடுக்கும். அதை வெளியே தள்றது உப்புதான். மருந்தை ரெட்டிப்பாக்கின, உப்பையும் நிறுத்தின. தனியா வேற விசம் எதுக்கு? நடுவுல யாரோ இவனுக்கு உப்புக் குடுத்திருக்கணும். இல்லேன்னா வண்டியில நீ பொணத்தைத்தான் கொண்டாந்திருப்ப."

பெஞ்சில் கிடந்த கோவிந்தன் முனகினான்: "அண்ணன் விசம் வெக்கிறான்..."

சீக்கு பேசுது என்று மாயவன் இந்தத் தடவை சொல்லவில்லை.

"மருந்தை நிறுத்து. நிறையத் தண்ணி குடு. கஞ்சியில உப்புப் போட்டுக் குடு. போ."

வண்டி நேரே குள்ளம்மாளின் தாய்வீட்டு வாசலில் போய் நின்றது. மாயவன் இறங்கித் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

அவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். புருஷனின் நெற்றியைத் தொட்டாள். வீட்டுக்குள் போய் உப்புச் சட்டியோடு திரும்பி வந்து, ஏறி உட்கார்ந்தாள்.

"வண்டிய ஓட்டுங்க மாமா."

மூன்று வாரத்தில் கோவிந்தனுக்குப் புத்தி தெளிந்தது. வலிப்பு நிற்கவில்லை, அது வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஆள் தெரிந்தது, அண்ணனை அண்ணா என்றான். ஊர் திரண்டு வந்து பார்த்தது.

சின்னக்கா கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கியபடியே கேட்டாள்:

"எந்தச் சாமிண்ணா தீத்து வெச்சது? தீர்த்தமலையானா?"

மாயவன் தரையைப் பார்த்தான். தம்பி பெண்சாதியின் பேரை அதுவரை அவன் வாயால் சொன்னதில்லை.

"குள்ளம்மா," என்றான்.