முப்பது வருஷக் கை

ஒசாகாவின் கடைத்தெருவில் நூல்கடை வைத்திருக்கும் கினுயோ, சனிக்கிழமைகளில் குரோஷா ஊசியால் முயல் பொம்மை பின்னி, உள்ளே பஞ்சு அடைக்கக் கற்றுக்கொடுப்பார். மாணவிகளில் ரொம்ப மந்தம் சயோதான். அவள் விரல்களைக் கணவன் கென்ஸோ இரண்டு முறை ஒடித்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்து புகைப்படத்தை நீட்டினார். கென்ஸோ பிணமாகக் கிடந்தான். தொண்டை வரை பஞ்சை அடைத்து, உதடுகளைப் பழுப்பு நூலால் பின்னி மூடியிருந்தார்கள்.

"உங்க மாணவி வேலைதானேம்மா? பிடிச்சு வெச்சிருக்கோம்."

கினுயோ கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சரக்கைத் தரம் பார்த்தே பழகிய கண், பிணம் என்றால் மட்டும் மாறிவிடுமா?

"அட போங்க சார்! சயோ பின்னினா இடுக்குல பஞ்சு எட்டிப் பார்க்கும். இதுல ஊசிமுனை நுழையாது. முப்பது வருஷம் பழகின கை. அவளை விட்டுடுங்க."

"அப்ப இது யாரோட கை?"

கினுயோ மறுபடி பார்த்தார். ஒவ்வொரு ஏழாவது கண்ணியிலும் நூலுக்கு ஒரு முறுக்கு இருந்தது. அப்படி முறுக்குக் கொடுப்பது அந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான். கென்ஸோவின் வீடு எந்தத் தெருவில் என்றுகூட அவருக்குத் தெரியாது.

"தெரியலையே சார்."

அன்று மதியமே சயோவை விட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை வகுப்புக்காகக் கினுயோ புதுப் பஞ்சு மூட்டையை இழுத்தார். ஆலையில் போட்ட தையல் பிரியாமல் இருந்தது. அதைப் பிரித்தால், உள்ளே ஒரு பிடி பஞ்சுகூட இல்லை.