எண்ணூற்றுப் பன்னிரண்டு மோட்கள்

குளத்தூர் வீட்டு முன்னறையில் மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கம்ப்யூட்டர் திரைமேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. இந்துமதி நாற்காலியில் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஆடும் விளையாட்டுக்குள் புதுக் காடுகளையும் மழையையும் ஊர்களையும் கொண்டுவரப்போகும் எண்ணூற்றுப் பன்னிரண்டு மோட்கள் விடிகாலையிலிருந்து இணையத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்குகின்றன. இப்போது எழுநூற்று நாற்பது. துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் அவள் கணவன் கருணாகரன் சுவிட்ச் போர்டில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறான். "எங்க அக்கா வந்து அரைமணி நேரமாச்சு. எந்திரிக்கிறியா, அமத்தவா?" அவள் திரும்பவில்லை. "சமைச்சு மூடி வச்சிருக்கேன். போட்டுச் சாப்பிடச் சொல்லுங்க." டக்கென்று சத்தம் கேட்கிறது. திரை கறுத்து, அதில் அவள் முகம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. அடுக்களையில் அவன் அக்காவின் வளையல் சத்தமும் நின்றுபோகிறது. இந்துமதி அதட்டவில்லை, அழவில்லை. மெல்ல எழுந்து அவனிடம் போகிறாள். சுவிட்சை விட்டு எடுக்காத அவன் விரலின் மேலேயே தன் கட்டைவிரலை வைத்து, நகம் பதிய அழுத்துகிறாள். திரையில் வெளிச்சம் வருகிறது. அவன் கண்ணைப் பார்த்துக் கேட்கிறாள்: "ஒங்களுக்கு ஃபிளைட்டு என்னைக்குங்க?"