சண்டை போடாத வீடு

தம்பதி விசாவைப் புதுப்பிக்க முடியாது என்று சமையலறைச் சுவரில் இருந்த குடிவரவுத் துறைக் கருவி சொன்னபோது செல்வினுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"இந்த வீட்டில் சண்டையே நடப்பதில்லை. உண்மையான கணவன் மனைவிதானா என்று சந்தேகமாக இருக்கிறது. நாளை வரை அவகாசம்."

"சண்டை போடலன்னா ஊருக்கு அனுப்பிருவாங்களா?" என்று மனைவி ஜெனிபாவிடம் கேட்டான். அவளுக்கும் விளங்கவில்லை. இந்த நாட்டு மருத்துவமனையில் அவளுக்கு நர்ஸ் வேலை. அவளை நம்பித்தான் அவனுடைய விசா.

கருவிக்குக் கேட்காதபடி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் ஜெனிபா ஆரம்பித்தாள். "நாள் முழுக்க வீட்லதான இருக்கீங்க. ஒரு குழம்பு ஒழுங்கா வைக்கத் தெரியுதா?"

"உனக்காகத்தான் வாத்தியார் வேலைய விட்டுட்டு இங்க வந்து கெடக்கேன். என்னைக்காவது அத நெனச்சியா?"

ஜெனிபா பதில் சொல்ல வாயெடுத்தாள். கண்தான் நிறைந்தது.

கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. "வாழ்த்துகள். விசா ஐந்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது."

செல்வின் சிரித்தபடி அவள் தோளைத் தொடப் போனான். அவள் விலகி நின்றாள்.

"சும்மாதான சொன்னீங்க?"

"சும்மாதான்" என்றான். சற்று முன் சொன்னது வந்த வேகத்தில் இது வரவில்லை என்பது அவனுக்கே கேட்டது.