மைனஸ் இல்லாத முடிவு

“அந்த மைனஸ் குறியெல்லாம் எடுத்துரு ஆத்தா. பரிசு குடுக்கிற எடத்துல பாக்க நல்லாவா இருக்கும்?”

கம்பத்தில் வேல்பாண்டி நடத்தும் ஜிம்மில் அன்று மாலை எடைக் குறைப்புப் போட்டிக்குப் பரிசளிப்பு. முடிவைத் திரையில் போடும் வேலை அவர் தங்கை ஓவியாவுடையது. வீட்டிலிருந்தபடியே பெங்களூர் கம்பெனிக்கு பைத்தான் மொழியில் புரோகிராம் எழுதுகிற பெண். அவளுடைய லேப்டாப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அப்படிச் சொன்னவர், போட்டியில் கலந்துகொண்ட ஜவுளிக்கடை முஜிபுர் ரஹ்மான்.

எடை குறைத்தவர்கள் வரிசையில் பெயர் வராவிட்டால் இனி புரோட்டாக் கடைப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று மனைவி மெஹராஜ் கறாராகச் சொல்லியிருந்தாள். புரோட்டா இல்லாத சாயங்காலத்தை முஜிபுரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இப்போதைய எடையிலிருந்து பழைய எடையைக் கழித்ததால் வந்த மைனஸ் அது என்று ஓவியா விளக்கினாள். அத்தனை பேருக்கும் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டுமா என்று அவர் கவலைப்பட, அவளுக்குச் சிரிப்பு வந்தது. பைத்தானில் கணக்குப் பட்டியல்களுக்கென்றே இருக்கும் பாண்டாஸில் ஆப்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு, அந்த வரிசை முழுக்க ஒரே தட்டில் குறி போய்விடும், எண் அப்படியே நிற்கும் என்றாள்.

தட்டப் போனவள் நிறுத்தினாள். “எல்லாருக்கும் கொறஞ்சுதானேண்ணே இருக்கு?”

“ஒடம்பைக் கூட்டவா ஆத்தா ஜிம்முக்கு வருவாக?”

அதுவும் சரிதான். அவளுக்கு அடுத்த மீட்டிங் வேறு காத்திருந்தது. தட்டினாள். பெரிய எண் மேலே வரும்படி அடுக்கி அண்ணனுக்கு அனுப்பிவிட்டாள்.

மாலையில் வேல்பாண்டி மைக்கைப் பிடித்தார். ஏழு கிலோவுக்கு தேவாரம் ஊர்க்காரர் ஒச்சாண்டி இரண்டாம் பரிசு வாங்கிப் போனார். பெயர் வந்தால் போதும் என்று கடைசி நாற்காலியில் பதுங்கியிருந்தார் முஜிபுர்.

“மொதப் பரிசு, பதிமூணு கிலோ, நம்ம முஜிபுர் அண்ணே.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெஹராஜ் சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் எங்கே தெரிகிறது? வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்கியவரை அடக்கம் என்று நினைத்து நாலு பேர் தள்ளிக்கொண்டு போய் மேடையேற்றினார்கள்.

“போட்டி ஆரம்பிச்ச அன்னிக்கு அண்ணே எப்பிடி இருந்தாகன்னு எல்லாரும் பாருங்க” என்று வேல்பாண்டி பழைய படத்தைத் திரையில் போட்டார்.

கைதட்டல் நின்றது. மேடையில் நின்றவரைவிட, படத்தில் இருந்தவர்தான் ஒல்லி.