நீக்கிலாப்பிள்ளையின் வருத்தம்

நோயாளி நீக்கிலாப்பிள்ளை ஓடி வந்தார், தோளில் ஒரு உருளைக்கிழங்கு மூட்டையோடு.

“பிள்ளை, இது உமக்கு. நான் வேலை செய்யிற பண்ணையில விளைஞ்சது.” அவர் மூட்டையைத் துவாரகாவின் காரின் பின்பக்கம் இறக்கினார். பனிக்குள் ஓடி வந்தும் மூச்சு வாங்கவில்லை.

துவாரகா காரை எடுத்தாள். லீவு நாட்களில் நகரத்து ரூஜ் பகுதியிலிருந்து வந்து, தூரத்துப் பண்ணை ஊர்களில் இருக்கும் நோயாளிகளை ரொறன்ரோ ஆஸ்பத்திரிகளுக்கு இலவசமாகக் கூட்டிப்போகும் தொண்டர் அவள். இவரைப் பலமுறை ஏற்றிவிட்டாள். என்ன நோய் என்பதுதான் பிடிபடவில்லை.

“போனமுறை டொக்டர் என்ன சொன்னவர், அங்கிள்?”

“ஹார்ட் நல்ல ஸ்ட்ரோங்காம். ரத்தம், சிறுநீர் எல்லாம் கிளியர். ஒரு குறையும் இல்லையாம்.” அவர் முகம் மலர்ந்தது. “அதாலதான் திரும்பவும் வரச் சொன்னவை.”

துவாரகாவுக்குச் சுருக்கென்றது. ஓசிக் காரில் நகரத்துக்கு வந்து ஊர் சுற்றுகிறாரா? இவருக்காக அல்லவா, கண் டொக்டரிடம் போகவேண்டிய ஒரு அம்மாவுக்கு இன்று கார் இல்லையென்று கைவிரித்தாள்!

ஆஸ்பத்திரி வாசலில் அவரை இறக்கினாள். காரை நிறுத்திவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். நினைத்தது சரி. மனிதர் கோப்பிக் கடை வரிசையில் ஆறுதலாக நின்றுகொண்டிருந்தார்.

“அங்கிள், உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கு ஒரு வருத்தமும் நோயும் இல்லைத்தானே?”

அவர் தலையைக் குனிந்தார். “இல்லைப் பிள்ளை.”

“அப்ப ஏன் இப்பிடி ஏமாத்துறீங்கள்? உண்மையா ஏலாத ஒராள் இண்டைக்கு உங்களால வீட்டில இருக்கிறா!”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீக்கிலாப்பிள்ளை அவளை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார்.

“டொக்டர்மார் ஓமெண்டு சொல்லுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாமல் இருப்பம் எண்டு நினைச்சன். இண்டைக்கு முடிவு சொல்லுவினம்.” குரலைத் தாழ்த்தினார். “என்ர கிட்னி ஒண்டைக் குடுக்கப்போறன்.”

துவாரகா அவர் கையைப் பிடித்தாள்.

“ஆருக்கு அங்கிள்? மகனுக்கோ?”

“லிஸ்டில காத்திருக்கிற ஆரோ ஒராளுக்கு. ஆரெண்டு எனக்கும் தெரியாது, பிள்ளை.”